டி போர்டு (டாக்ஸி) கார் வாங்கி வெள்ளை போர்டு மாட்டியும் காட்பாடி ரோட்டில் எஃப்சி (தகுதிச் சான்று) இல்லைன்னு அபராதம் ஏன்?

போர்டை மாத்தினா வண்டி ஓன் போர்டு (சொந்த கார்) ஆகாதுங்க. ஆர்சியில் இருக்கிற வகைதான் கணக்கு. அது இன்னும் டாக்ஸியாவே இருக்கும். அதான் எஃப்சி கேட்டிருக்காங்க; சொந்த காருக்கு முதல் 15 வருஷம் அந்தப் பேச்சே கிடையாது.

எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு வாகன வகுப்பைப் பாருங்க. 'மோட்டார் கேப்'னு வந்தா டாக்ஸிதான், சந்தேகமே வேண்டாம். வித்தவர் "எல்லாம் முடிச்சாச்சு"ன்னு சொல்றதை நம்பாதீங்க, பெர்மிட்டை (வாடகைக்கு ஓட்டுற அனுமதி) சரண்டர் பண்ணாமலே இருந்திருக்கலாம்.

வேலூர் ஆர்டிஓவில் பெர்மிட் சரண்டர், வரி பாக்கி, அப்புறம் வகை மாற்றம். ஆர்சி மாறின பிறகுதான் வெள்ளை போர்டு. லோன் இருந்தா ஃபைனான்ஸ்காரங்க என்ஓசி (ஆட்சேபனை இல்லைன்னு கடிதம்) வேணும்.

இன்ஷூரன்ஸையும் மாத்திடுங்க. இல்லேன்னா கிளெய்ம் நேரத்தில் இழுத்தடிப்பாங்க. போட்ட அபராதம் மட்டும் கட்டித்தான் ஆகணும்.