கணக்கிலிருந்து போன ஐந்து பேர்

அன்புள்ள ஐயா,

கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டப்பின் படிப்புக்காக ஓர் ஆய்வு. கடும் நஞ்சருந்தி வந்த 120 பேரை எழுமாற்றாக இரண்டாகப் பிரித்தோம். ஒரு பிரிவுக்கு மருந்து ஒரே தடவை. மற்றதற்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. முதற்பிரிவில் 60 பேரில் 18 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 60 பேரில் 11 பேர். பி பெறுமதி (இரு முறைக்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்பு) 0.14. ஆனால் அந்த 11 பேரில் ஐவர் ஆறு தடவை முடியுமுன்பே இறந்தவர்கள். மருந்து முழுதாகச் சேராதவர்களை எண்ணுவது மருந்துக்குச் செய்யும் அநியாயம் அல்லவா? அவர்களை நீக்கினால் 55 பேரில் 6, பி 0.01. மேற்பார்வையாளரும் சரி என்கிறார். அதே பிரிவில் மூவர் மருந்து முடியுமுன் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள், உயிரோடிருப்பதாக எடுத்துக்கொண்டேன். 2003இல் வந்த, அலரி விதை நஞ்சு உண்டவர்களைப் பற்றிய ஆய்விலும் 401 பேர்தானே, 120 போதாதா? எந்த மென்பொருள் நல்லது?

ஒரு வைத்தியர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

இரவுக் கடமைக்கு நடுவே 120 பேரின் தரவை ஒற்றை ஆளாகச் சேர்த்திருக்கிறீர்கள். அது சின்ன வேலையில்லை. பி 0.14 என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். 'மருந்தை முழுதாகப் பெற்றவர்கள் மட்டும்' என்ற சொற்றொடர் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் அது அப்படியே வந்து நிற்கிறது.

மென்பொருளை விடுங்கள். ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், அது போதும். இந்த அளவுக் கணக்கைக் காகிதத்திலும் போடலாம்.

அந்த ஐவருக்கு வருகிறேன். ஆறு தடவை மருந்து என்றால் பூச்சியம், 4, 8, 12, 16, 20ஆம் மணித்தியாலங்கள். ஆறாவதைப் பெற வேண்டுமானால் ஒருவர் இருபது மணித்தியாலம் உயிரோடு இருக்கவேண்டும். ஆகவே 'மருந்தை முழுதாகப் பெற்றவர்' என்பதற்கு உங்கள் வாட்டில் ஒரே அர்த்தம்தான்: முதல் இருபது மணித்தியாலத்தில் சாகாதவர். ஒற்றைத் தடவைப் பிரிவிலோ, வந்த உடனேயே மருந்து முழுதாகிவிடுகிறது. அங்கே மூன்றாம் மணித்தியாலத்தில் இறந்தவர் மரணமாக எண்ணப்படுகிறார். இங்கே மூன்றாம் மணித்தியாலத்தில் இறந்தவர் ஆய்விலேயே இல்லை. இப்படி எண்ணினால் வெறும் தண்ணீரை ஆறு தடவை கொடுத்தாலும் அது உயிர்காக்கும் மருந்தாகத் தெரியும். இதையா தம்பி மருந்துக்கு நியாயம் என்கிறீர்கள்?

இன்னொன்றும் செய்திருக்கிறீர்கள், அதை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று நம்புகிறேன். ஆறு தடவையை முடிக்காதவர்கள் ஐவர் அல்ல, எட்டுப் பேர். செத்த ஐவரை 'மருந்து முடிக்கவில்லை' என்று நீக்கினீர்கள். வீட்டுக்குப் போன மூவரும் முடிக்கவில்லைதானே? அவர்களை மட்டும் உயிரோடு உள்ளே வைத்துக்கொண்டீர்கள். ஒரே விதியை எட்டுப் பேருக்கும் வைத்திருந்தால்கூட உங்களிடம் இவ்வளவு கோபம் வந்திராது. அந்த மூவரும் இறந்திருந்தால் கணக்கு 60க்கு 14, எதிரே 60க்கு 18. உங்கள் 0.01 போன இடம் தெரியாது.

'ஆறு தடவை எடுக்காதவருக்கு மருந்து எப்படி வேலைசெய்யும்?' என்று மேற்பார்வையாளர் கேட்பார். அவருக்கு 1980இல் வெளிவந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்த ஆண்களுக்கு குளோஃபைப்ரேட் என்ற, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பெயர் கொரொனரி டிரக் புரொஜெக்ட். மருந்தை 80 வீதத்துக்குமேல் ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் 15.0 வீதம், ஒழுங்காக எடுக்காதவர்களில் 24.6 வீதம். பார்த்தால் அருமையான மருந்து. ஆனால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்த பிரிவிலும், ஒழுங்காக எடுத்தவர்களில் 15.1, எடுக்காதவர்களில் ஏறக்குறைய 28. மொத்தமாகப் பார்த்தால் மருந்துப் பிரிவு 20.0, வெறும் மாத்திரைப் பிரிவு 20.9. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் வேறு வகை ஆள். அவரை வாழவைப்பது மாத்திரையில் இல்லாத ஏதோ ஒன்று. எழுமாற்றாகப் பிரிப்பது இரு பக்கமும் ஒரேவகை ஆட்கள் இருப்பதற்காகத்தான். பிரித்தபிறகு ஒருவரை எடுத்தால் அந்தச் சமன் உடைகிறது.

யாரையுமே நீக்கக்கூடாதா என்றால், நீக்கலாம். எழுமாற்றுக்கு முன்பே எடுத்த இரத்தமாதிரியில் நஞ்சே இல்லை என்று பின்னால் தெரியவந்தால் நீக்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு: விதி ஆய்வுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும், இரு பிரிவுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், முடிவெடுப்பவருக்கு நோயாளி எந்தப் பிரிவு என்று தெரியக்கூடாது. எழுமாற்றுக்குப் பிறகு நடந்த எதுவும், முக்கியமாக மரணம், காரணமாகாது. இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்திருப்பீர்கள். பகுப்பாய்வு பற்றி அங்கே என்ன எழுதினீர்கள் என்று எடுத்துப் பாருங்கள்.

அடுத்த ஆய்வில், நோயாளி எந்தப் பிரிவு என்ற சீட்டு இருக்கும் உறையைத் திறக்கும் நேரத்தைப் பின்தள்ளுங்கள். நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருக்கும்போதே திறந்தால், முதல் மருந்துக்கு முன்பே சிலர் இறப்பார்கள், அவர்களும் கணக்கில் வருவார்கள். மருந்து கையில் தயாரானபின், உறையில் பெயரும் நேரமும் எழுதியபின் திறக்கவேண்டும். உறை ஒளி ஊடுருவாததாகவும் தொடரிலக்கம் இட்டதாகவும் இருக்கட்டும்.

120 போதுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: போதாது. இறப்பு 30 வீதத்திலிருந்து 20 ஆகக் குறைவதை 80 வீத வாய்ப்போடு கண்டுபிடிக்கவே பிரிவுக்கு ஏறக்குறைய 290 பேர் வேண்டும். நீங்கள் சொன்ன 2003 ஆய்வில் சார்கோல், அதாவது நஞ்சை உறிஞ்சும் கரித்தூள், பலதடவை பெற்றவர்களில் இறந்தவர்கள் 5, ஒரு தடவை பெற்றவர்களில் 16. மொத்தமே 21 மரணம். அவசர சிகிச்சை ஆய்வின் பலம் வந்தவர் தொகையில் இல்லை, மரணத் தொகையில் இருக்கிறது. 2008இல் இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேரை வைத்து, எல்லா நஞ்சுகளையும் சேர்த்துப் பார்த்தபோது பலதடவைப் பிரிவில் 6.3 வீதமும் கரித்தூளே கொடுக்காத பிரிவில் 6.8 வீதமும் இறந்தார்கள். மருந்தளவும் இடைவெளியும் வேறு, ஆகவே இதைவைத்து 2003 ஆய்வைப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 21 மரணத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆய்வறிக்கையில் 120 பேரையும் வைத்து எழுதுங்கள்: 60க்கு 11, 60க்கு 18, வேறுபாடு 11.7 வீதப்புள்ளி, 95 வீத நம்பிக்கை ஆயிடை –3.5 முதல் 26.8 வரை. அதாவது புதிய முறை நூற்றுக்கு 27 பேரைக் காப்பாற்றலாம், நூற்றுக்கு மூன்று நான்கு பேரைக் கூடுதலாகக் கொல்லவும் செய்யலாம். பி பெறுமதி இதைச் சொல்லாது. இந்த முடிவோடும் பரீட்சை பாஸாகலாம், பயப்படாதீர்கள். ஐவரும் எத்தனையாம் மணித்தியாலத்தில் இறந்தார்கள், மற்றப் பிரிவில் அதே இருபது மணித்தியாலத்துக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அட்டவணையாகப் போடுங்கள்.

ஆனால் இந்த ஆயிடையும் வீட்டுக்குப் போன மூவரை உயிரோடு வைத்துப் போட்டது. அவர்களின் தொலைபேசி இலக்கம் பெட் ஹெட் டிக்கெட்டில் (வாட்டில் வைக்கும் நோயாளியின் குறிப்பேட்டில்) இருக்கும். நாளைக்கே எடுத்துப் பேசுங்கள். ஒருவர் இறந்திருந்தால் வீட்டார்தான் எடுப்பார்கள். ஆய்வைப் பற்றிச் சொல்வதற்கு முன் துக்கம் விசாரியுங்கள்.