காசு கொடுத்தும் மகன் பேட்மிண்டனைத் தொட மறுக்கிறான் – பதில்

ஜெயிக்கும் ஒவ்வொரு மேட்சுக்கும் 100 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்களே, அதை நிறுத்திவிடுங்கள். 200 ஆக்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

11 வயதுப் பையன் பிடித்து ஆடியதற்கு முன்கூட்டியே கூலி பேசினால் அது வேலையாகிவிடும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில், பரிசு உண்டு என்று சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள், பிற்பாடு அவர்கள் இஷ்டத்துக்கு விட்டபோது ஸ்கெட்ச் பேனாவோடு செலவழித்தது மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, பேரம்தான் கெடுக்கிறது.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஸ்கோர் கேட்காதீர்கள்.
2. அன்றைய பயிற்சி சர்வீஸா, நெட் டிராப்பா (வலையை ஒட்டி மெல்லப் போடும் அடி) என்பதை அவனே முடிவு செய்யட்டும்.
3. யாரும் சொல்லாமல் தெருப் பிள்ளைகளோடு ஷட்டில் தட்டுகிறானா என்று கவனியுங்கள். தட்டினால் ஆட்டம் இன்னும் பிடித்திருக்கிறது.

பாராட்டும்போது வெறும் ‘சூப்பர்’ போதாது. "பேக்ஹேண்டுக்கு முன்னாடியே நகர்ந்துட்டடா" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். தன் ஆட்டம் தேறுகிறது என்பது அவனுக்கே தெரியவரும்.

தோள்வலி, தூக்கக் குறைவு, கோச்சின் திட்டு ஏதாவது இருந்தால் இதெல்லாம் பலிக்காது. அதை முதலில் விசாரியுங்கள். காசை நிறுத்துவது தண்டனை போலத் தெரியக்கூடாது. பழைய பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.