எரிக் ஹார்ட்மன்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஒரே ஆள் 352 விமானங்களை வீழ்த்தினார் என்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: 352 என்பது ஜெர்மானியப் போர் விமானி எரிக் ஹார்ட்மனின் பெயரில் அந்நாட்டு விமானப்படை ஏற்றுக்கொண்ட கணக்கு. சோவியத் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் சிலர் உண்மை எண்ணிக்கை குறைவு என்கிறார்கள்; அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் எண்ணிக்கை பெருகியதன் காரணம் வெளிப்படையானது. 40 விமானங்களை வீழ்த்திய அமெரிக்கர் ரிச்சர்ட் பாங், அதற்குமேல் ஆபத்துக்கு உள்ளாக்க வேண்டாமென்று தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மானிய விமானிகளோ சாகும்வரை அல்லது போர் முடியும்வரை பறந்தார்கள். 1942 அக்டோபரில் சோவியத்தின் காகசஸ் போர்முனைக்கு வந்த ஹார்ட்மன், 1945 மே 8 வரை 1,404 முறை பறந்திருக்கிறார்.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே அவர் வல்லவரா?

பதில்: இல்லை. முதல் போர்ப் பறப்பிலேயே தன் தலைவரின் விமானத்தை எதிரியுடையது என்று நினைத்துத் தப்பியோடி, எரிபொருள் தீர்ந்து, வயல்வெளியில் விமானத்தை அடிப்பகுதி தரையில் உரசும்படி இறக்கினார்.

கேள்வி: அவருடைய சண்டை முறை என்ன?

பதில்: வட்டமிட்டுச் சண்டையிடுவதை அவர் கூடியவரை தவிர்த்தார். எதிரியை முதலில் கண்டு, தாக்கலாமா என்று முடிவு செய்து, அவ்விமானம் முன்கண்ணாடியை நிறைக்கும் அளவுக்கு நெருங்கிச் சுட்டுவிட்டு உடனே விலகிவிடுவார். கவசம் பூண்ட சோவியத் தாக்குதல் விமானமான ஐஎல்-2-ஐ அடியிலிருந்து அணுகி எண்ணெய்க் குளிர்விப்பானைக் குறிவைப்பார். இந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு: சிதறிய துண்டுகள் அவர் ஓட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்தையே பலமுறை முடக்கின. 1943 ஆகஸ்டில் அப்படித்தான் சோவியத் பகுதியில் இறங்கிப் பிடிபட்டார். உள்காயம் பட்டவர்போல் நடித்ததால் லாரியில் ஏற்றிச் சென்றார்கள். வழியில் ஜெர்மானிய குண்டுவீச்சு விமானங்கள் தோன்றவே, காவலரைத் தள்ளிவிட்டுச் சூரியகாந்தி வயலுக்குள் ஓடி மறைந்தார். வீரதீரம் என்பதைவிட நிதானம் என்றே இதை நான் சொல்வேன்.

கேள்வி: போருக்குப் பின் என்ன ஆனார்?

பதில்: அமெரிக்கப் படையிடம் சரணடைந்தவரை அவர்கள் சோவியத்திடம் ஒப்படைத்தார்கள். போர்க் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் முகாம்களில் கழித்து, 1955-இல் விடுதலையானார். அந்தத் தீர்ப்பை ரஷ்யா 1997-இல், அவர் இறந்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஆனபின், ரத்து செய்தது. சிறையில் இருந்தபோது பிறந்த மகன், தந்தையைக் காணாமலேயே இறந்துபோனான். பின்னர் மேற்கு ஜெர்மானிய விமானப்படையில் ஜெட் விமானப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஜெட் போர் விமானம் பாதுகாப்பற்றது என்று வெளிப்படையாக எதிர்த்து மேலதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளாகி, 1970-இல் ஓய்வு பெற்றார். மேற்கு ஜெர்மனி அவ்வகை விமானங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை விபத்துகளில் இழந்தது.