திருநெல்வேலியில் பழைய சைக்கிள் வாங்கும்போது என்ன பார்க்கணும்? வீட்டில் நிற்கும் சைக்கிளை எப்படி விற்பது?

பெருமாள்புரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கல்லூரி போகிற பையனுக்கு ஒரு பழைய சைக்கிள் வேண்டும், வீட்டில் சும்மா நிற்கிற லேடீஸ் சைக்கிளையும் தள்ளிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதில்தான் ஏமாற வழி அதிகம். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பெயின்ட் பளபளவென்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பழைய சைக்கிளில் காசு கொடுக்கத் தகுந்தவை ஃபிரேம், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், இரண்டு ரிம், இவ்வளவுதான். செயின், டயர், பிரேக் கட்டை, சீட், பெடல் எல்லாம் எந்தத் தெருமுனைக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் கோணிப்போன வண்டிக்கு எவ்வளவு புதுச் சாமான் போட்டாலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேதான் ஓடும்.

ஹேண்டிலுக்குக் கீழே நிற்கிற குட்டைக் குழாயில் மேல் பாரும் கீழ் பாரும் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டில் சுருக்கம், சின்ன மேடு, மயிரிழை போலத் துருக்கோடு ஏதாவது தட்டுப்பட்டால் வண்டி முன்னால் எங்கோ பலமாக மோதியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். மேலே குழாய் இருக்கும் சாய்விலேயே நேராக இறங்கி, நுனியில் முன்னோக்கி வளைய வேண்டும். நடுவிலேயே பின்பக்கம் மடிந்திருந்தால் வேண்டாம். வெல்டிங் வைத்த ஃபோர்க்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது ஒடிந்தால் ஓட்டுகிற பையன் முகம் குப்புற விழுவான்.

ஃபிரேம் கோணலைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். பின் சக்கர ஆக்ஸிலில் ஒரு பக்கம் கட்டி, முன் குழாயைச் சுற்றி, ஆக்ஸிலின் மறுபக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 2 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. 4 மி.மீ. தாண்டினால் விட்டுவிடுங்கள்.

சீட் கம்பியைக் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். பல பழைய வண்டிகளில் அது துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். உயரம் சரிசெய்ய முடியாத வண்டி பையனுக்கு உதவாது. கம்பி வெளியே வந்ததும் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். கொஞ்சம் தூசி விழும், அது சகஜம். கைநிறையச் செம்பொடி கொட்டினால் குழாய் உள்ளுக்குள் அரித்துவிட்டது என்று அர்த்தம். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். மேலே புதுப் பெயின்ட் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

அடுத்து பெடல் பகுதி. ஒரு கையால் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெடல் மாட்டியிருக்கும் கிராங்கை உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளுங்கள். இரண்டு பக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் கோளாறு பி.பி. கப்பில், அதாவது பால்ஸ் ஓடும் இடத்தில். ஒரு பக்கம் மட்டும் ஆடினால், கிராங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் காட்டர் பின் லூஸ். முதலாவதற்கு ஓவராயில் (கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மாட்டுவது) பண்ணணும், ஆக்ஸிலும் கப்பும் பள்ளம் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றணும். இரண்டாவது சின்னச் செலவுதான், ஆனால் கடையில் சரியாகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நட்டை முறுக்கி மட்டும் இறுக்கினால் அந்தக் காட்டர் பின் நாலு நாளில் திரும்ப ஆடும். கிராங்குக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகுதான் நட்டை இறுக்கணும். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ஸில் இறங்கி கப்பைக் கெடுக்கும். இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் ஒன்று சற்று முன்னே நின்றால் பின்னை ஒரு பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஓவராயில் செய்யும்போது பால்ஸை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். பி.பி.க்குப் பால்ஸைப் பிடிக்கும் கூடு இல்லாமல் போட்டால் பக்கத்துக்குக் கால் இன்ச் பால்ஸ் 11. பழையதில் பாதி, புதியதில் பாதி கலந்தால் பாரம் புதியதன் மேலேயே விழும், சீக்கிரம் உடையும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடம் வலமாக இரண்டு மூன்று மி.மீ. ஆடினால் போக்ஸ் கம்பியை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். மேலும் கீழுமாகக் குதித்தால் ரிம் குழியில் அடிவாங்கிச் சப்பிப்போயிருக்கிறது, புது ரிம்தான் போடணும். பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கத்துக் கம்பிகளைத் தனியாகத் தொட்டுப் பாருங்கள். இழுப்பு அந்தப் பக்கம்தான் அதிகம் என்பதால் முதலில் அங்கேதான் ஒடியும். ஒடிந்ததை மாற்ற ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும், அதற்குக் கூலியும் கூடும்.

செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம். ஒரு ஊசியின் நடுவிலிருந்து எண்ணினால் 24 கண்ணிக்குச் சரியாக 12 இன்ச் வரணும். அரைக்கால் இன்ச் கூடியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும்போது நழுவும்.

டயரில் பக்கவாட்டு வெடிப்பைப் பாருங்கள், அளவையும் படித்துக்கொள்ளுங்கள். 26 x 1 3/8 ரிம்முக்கு 26 x 1.95 டயர் சேராது. இரண்டையும் 26 என்றே சொல்வதால் கடைக்குப் போய்ப் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். யாராவது வலுக்கட்டாயமாக மாற்றி மாட்டியிருந்தால் கிராங்கின் மரையே போயிருக்கும்.

ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் பார்க்கப் போனால் மேல்காற்றை மனதில் வையுங்கள். கிழக்கே போகும்போது எந்த வண்டியும் லேசாகத்தான் தெரியும். மேற்கே திரும்பி மிதித்த பிறகு முடிவு செய்யுங்கள். நின்ற இடத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கப்பின் ஆட்டம் கைக்குத் தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் எதிலோ மாட்டியதுபோல நின்றால் கப்பில் பள்ளம்.

கியர் வண்டி வேண்டுமா என்றால், பெருமாள்புரம், சமாதானபுரம், ஜங்ஷன் என்று சுற்ற அது அவசியமே இல்லை. விலை குறைந்த ஷாக் அப்சார்பர் வண்டியும் அப்படித்தான். பாரம் கூடுகிறது, கெட்டால் மாற்றுச் சாமான் கிடைப்பதும் சிரமம். இந்த ஊர் உடைமுள்ளுக்குக் கெட்டியான டயர் போட்ட சிங்கிள் ஸ்பீடு வண்டி போதும்.

விலைக்கு வருவோம். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று விசாரியுங்கள். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே அதற்கு முந்தைய பில்லைக் காட்டி விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இன்றைய விலையில் பாதிதான் என் கணக்கில் உச்சம். அதிலிருந்து உடனே ஆகும் செலவைக் கழியுங்கள். புதிது 6000 ரூபாய், டயர், செயின், ஓவராயிலுக்கு 1200 ஆகும் என்று வைத்தால், 1800க்கு மேல் கேட்பவரிடம், "அண்ணாச்சி, டயரு ரெண்டும் வெடிச்சிருக்கு, பி.பி. ஆடுது, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று இடத்தைக் கைவைத்துக் காட்டிப் பேசுங்கள். பொதுவாக மொட்டையாகக் குறைக்கச் சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பும் மாணவர்கள் விற்கிற ஏப்ரல், மே மாதங்கள் வாங்குபவருக்குத் தோது. ஜூனில் பள்ளி திறந்தால் விலை ஏறும். உங்கள் லேடீஸ் சைக்கிளை விற்க அதுதான் நேரம்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளை வாங்க வேண்டாம். அரசு முத்திரையோ, அதைச் சுரண்டிய தழும்போ இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அது அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதற்குக் கொடுத்தது. சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, ஃபிரேம் நம்பர்தான் அடையாளம். சீட் குழாயின் மேல்பகுதியில் அல்லது பெடலுக்கு அடியில் அடித்திருப்பார்கள். அதை ராவியிருந்தால் திருட்டு வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே வாங்கினால் வாங்கியவர் மேலும் வழக்கு வரும்.

விற்பதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். கழுவி, காற்றடித்து, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் செய்யும் செலவு விலையில் திரும்பி வராது. புதுச் செயினோ டயரோ போட்டு விற்பதைவிட, "பின் டயர் மாற்றணும்" என்று சொல்லி விலையில் குறைப்பது மேல். செயின் பக்கத்திலிருந்து ஒரு முழுப் படம், இரண்டு டயர், கிராங்க், துருப்பிடித்த இடம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். குறையைப் பார்த்துவிட்டு வருகிறவர் வாசலில் நின்று பேரம் இழுக்க மாட்டார். வண்டி ரொம்ப மோசம் என்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

பார்க்காமலே "எடுத்துக்கிறேன், பணம் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்பவர் மோசடிக்காரர். யு.பி.ஐ.யில் பணம் வாங்க நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பணம் வந்ததாக அவர் போனில் காட்டும் படத்தை நம்பாமல் உங்கள் கணக்கைப் பாருங்கள். வாங்கினாலும் விற்றாலும் ஒரு வெள்ளைத்தாளில் ஃபிரேம் நம்பர், தேதி, தொகை, இருவர் பெயர், முகவரி, கையெழுத்து எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். புது பூட்டு உடனே வாங்குங்கள், பழைய பூட்டுக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதோ.