க்ரைம் நாவல் மட்டும் படிச்சா வாசகர் இல்லையா?

"வயசு முப்பது தாண்டியும் க்ரைமும் பேய்க்கதையும்தான் பிடிக்குது, வீட்டுல திட்டுறாங்க, இலக்கியம் படிக்கலைன்னா நான் வாசகர் இல்லையா, உங்களுக்கு எந்த வகைக் கதை பிடிக்கும்"னு கேட்டிருக்கீங்க. உங்க கையில இருந்து யாரோ புத்தகத்தைப் பிடுங்கியிருக்காங்கன்னு நினைக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும், அதான் இந்தப் பதில்.

எனக்குப் பிடிச்சது க்ரைம்தான். நாப்பத்தாறு வயசாகுது, இப்பவும் அதேதான்.

நான் கோத்தகிரி பக்கம், தேயிலை எஸ்டேட் தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கிற லைன் வீட்டுல வளந்தவ. அம்மா சிலோன்ல பொறந்தவங்க, அங்க இருந்த இந்தியத் தமிழர்ல ஒரு பகுதியை இங்க திருப்பி அனுப்ப 1964ல போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து சேந்தாங்க. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா கதைன்னா உசுரு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து ராத்திரி அடுப்புப் பக்கத்துல உக்காந்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், ஐப்பசி மழையில கரண்ட் போனாலும் மண்ணெண்ணெ விளக்கை வச்சுக்கிட்டு படிப்பேன், அவங்க அவரை உரிச்சுக்கிட்டே கேப்பாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வாடகை நூல் நிலையம் இருந்துச்சு, மாச நாவல் எல்லாம் அங்கதான். ராஜேஷ்குமார் கதைன்னா அம்மாவுக்குத் தனிப் பிரியம், அவரு கோயம்புத்தூர்க்காரர், கதையில காந்திபுரம்னு வந்தா "நாம ஆஸ்பத்திரிக்குப் போனப்ப இறங்கின இடம்தானே புள்ள"ன்னு கேப்பாங்க.

ஒன்பதாவது படிக்கிறப்ப ஒரு நாவல், பேரு மறந்துபோச்சு, எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கெழுதுறவரு ஒருத்தர் காணாமப் போயிடுவாரு, இருபது நாள் கழிச்சு தேயிலைக் காட்டுக்குள்ள பொணம் கிடைக்கும். பாதிக்கு மேல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியாச்சு. கடைசி பக்கங்களை சாப்பாட்டு பெல்லுல முடிச்சுடலாம்னு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனேன். ஒரு டீச்சர் பாத்துட்டாங்க. பேரெல்லாம் வேணாம். அத்தனை பேர் முன்னாடி எழுப்பி நிக்கவச்சு, "இந்தக் குப்பையைப் படிச்சா நீயும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடையோடதான் போவ"ன்னு சொல்லி நாலா கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டாங்க. புத்தகம் போனதை விட அந்தக் கூடைப் பேச்சுதான் இன்னைக்கும் உறுத்துது, ஏன்னா அந்தக் கூடையிலதான் எனக்கு சோறு வந்துச்சு.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா திட்டல. கூடுதல் கிலோ பறிச்சு வந்த காசுல நூல் நிலையத்துக்குப் புத்தக விலையைக் கட்டினாங்க. ரெண்டு நாள் கழிச்சு காட்டுல இருந்து வந்தவங்க கூடையை இறக்குறதுக்கு முன்னாடியே, "யாரு கொன்னான்னு தெரிஞ்சுபோச்சு புள்ள"ன்னாங்க. கொழுந்துக் காட்டுல எட்டு பத்து நாளைக்கு ஒருக்கா பறிக்கிற ஆளுங்க ரவுண்டு வந்துடுவாங்க, கிளையைக் கழிச்சு கவாத்து வெட்டின காடா இருந்தா வெறும் குச்சிதான் நிக்கும், தூரத்துல இருந்தே தெரியும், அப்ப இருபது நாள் பொணம் மறைஞ்சு கிடந்துச்சுன்னா அந்தக் காட்டுக்கு ஆளை அனுப்பாம நிறுத்தி வச்சவன் ஒருத்தன் இருக்கணும், அது ஆளுங்களைப் பிரிச்சு வேலைக்கு அனுப்புற மேஸ்திரிதான். ஸ்கூல் பக்கமே போகாத பொம்பளை கொழுந்து பறிச்சுக்கிட்டே யோசிச்சுக் கண்டுபிடிச்சது இது. இதை வாசிப்பு இல்லைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இலக்கியம் படிக்காம பேசுறேன்னு யாரும் சண்டைக்கு வரவேணாம். படுகர் மக்களை வச்சு ராஜம் கிருஷ்ணன் எழுதின குறிஞ்சித்தேன் படிச்சிருக்கேன், நம்ம மலையைப் பத்தி அப்படி ஒரு நாவல் இருக்கிறது பெருமைதான். பொன்னியின் செல்வனை இப்ப எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க, 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கியில வாராவாரம் தொடரா வந்ததுதானே அது? அடுத்த வாரம் என்ன ஆகும்னு ஜனங்க காத்துக் கிடந்ததும், அடுத்த மாச நாவலுக்கு நாங்க காத்துக் கிடந்ததும் ஒண்ணுதான். பேய்க்கதை மட்டும் எனக்கு ஒத்துவராது, அது உங்க ருசி, நான் குறை சொல்லல.

இன்னொண்ணும் சொல்லணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லைன்னாலும். வீட்டு வரி கட்டுறப்ப ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு சேத்துத்தான் வாங்குறாங்க. நானும் ஒழுங்கா கட்டுறேன். ஆனா எங்க பக்கத்துல இருக்கிற கிளை நூலகம் நான் வேலை முடிஞ்சு போறப்பெல்லாம் பூட்டித்தான் கிடக்கு, திறந்திருக்கிற அன்னைக்குப் போனா பாதிப் புத்தகம் ஈரத்துல பூசணம் பூத்துப் பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. பனியும் மழையும் இருக்கிற ஊருன்னு தெரியும்ல, ஒரு ஹீட்டராவது வைக்கலாம். பிள்ளைங்க படிக்கிறதில்ல படிக்கிறதில்லன்னு மட்டும் மேடையில பேசுறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். கோயம்புத்தூர் போறப்பெல்லாம் உக்கடம் பழைய புத்தகக் கடைங்கள்ல அந்த நாவலைத் தேடுறேன், இன்னும் சிக்கல. 1993 வாக்குல வந்தது, எஸ்டேட் ரைட்டர் காணாமப் போவாரு, அவரோட டார்ச் லைட்டு மட்டும் ஓடையில கிடைக்கும். யார்கிட்டயாவது இருந்தா கடைசி பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்க. அம்மாவுக்குப் போன மாசம் கண்ணுல புரை எடுத்தோம், கட்டுப் பிரிச்ச அன்னைக்குக்கூட "அந்த மேஸ்திரியா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியலையே புள்ள"ன்னாங்க.