பொலிகிடாத் தேர்வு: எடையில் மரபின் பங்கு எவ்வளவு?

கேள்வி: ஐயா, ஆட்டு மந்தையில் மற்ற குட்டிகளைவிடப் பெரிதாக வளர்ந்த கிடாக்குட்டி ஒன்று இருக்கிறது. அதையே பொலிகிடாவாக, அதாவது இனப்பெருக்கத்துக்கான கிடாவாக நிறுத்தலாமா?

பதில்: பொறுங்கள். அது ஒற்றைக் குட்டியா, இரட்டையில் ஒன்றா? தாய்க்கு எத்தனையாவது ஈற்று? பிறந்த தேதி என்ன? பால்குடி மறக்கும் வயதில் குட்டிகளுக்குள் காணும் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குட்டியின் சொந்த மரபால் வருவது. மீதியில் பெரும்பகுதி தாயின் பால், தீவனம், நோய், பிறந்த பருவம். மடியைத் தனியாக அனுபவித்த ஒற்றைக் குட்டி 18 கிலோ, பங்குபோட்டுக் குடித்த இரட்டைக் குட்டி 17 கிலோ என்றால் என் கண் இரண்டாவதன் மேல்தான் போகும்.

வயதையும் சமன்செய்யுங்கள். 3 கிலோவுடன் பிறந்த குட்டி 80ஆம் நாளில் 15 கிலோ இருந்தால், கூடிய 12 கிலோவை 80ஆல் வகுத்து, 90ஆல் பெருக்கி, பிறப்பு எடையைச் சேர்க்க வேண்டும். 90 நாள் எடை 16.5 கிலோ. எல்லாக் குட்டிகளுக்கும் இப்படிக் கணக்கிட்ட பிறகே ஒப்பிடலாம்.

கேள்வி: எந்த வயது எடையை நம்புவது?

பதில்: ஆறு மாதத்துக்குப் பிந்தியதை. தாய்ப்பாலின் தாக்கம் அப்போது குறைந்திருக்கும். பிறப்பு எடையை மட்டும் கூட்டப் பார்த்தால் ஈனும்போது ஆடு அவதிப்படும்.

கேள்வி: நல்ல கிடாவால் அடுத்த தலைமுறை எவ்வளவு கூடும்?

பதில்: கிடா மந்தைச் சராசரியைவிட 4 கிலோ கூடுதல், அந்த எடை வேறுபாட்டில் மரபின் பங்கு கால்வாசி என்று வைத்துக்கொள்வோம். மரபால் வந்தது 1 கிலோ. அதில் பாதிதான் குட்டிக்குப் போகும். அதாவது அரைக் கிலோ. குறைவு என்று முகம் சுளிக்காதீர்கள், அது எல்லாக் குட்டிகளுக்கும் சராசரியாகக் கிடைப்பது. தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

கேள்வி: வேகமாக வளரவைக்கும் மரபணுவைப் பரிசோதித்து வாங்கிவிட்டால் இந்தத் தராசு வேலை மிச்சம்தானே?

பதில்: அப்படி ஒற்றை மரபணு பெரும்பாலும் கிடையாது. வளர்ச்சியை ஏராளமான மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. டெக்ஸல் என்ற செம்மறி இனத்தில் மயோஸ்டேட்டின் மரபணுவின் ஓர் எழுத்து மாற்றம், தசையைக் கட்டுப்படுத்தும் அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது, தசை திரள்கிறது. 2006இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது.

இன்னும் விசித்திரமானது காலிபிஜ் என்ற மரபணு மாற்றம். 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு டார்செட் இனச் செம்மறிக் கிடாவிலிருந்து பரவியது. தந்தையிடமிருந்து மட்டும் வந்தால்தான் பின்தொடை பருக்கும். தாயிடமிருந்து மட்டும் வந்தாலும், இருவரிடமிருந்தும் வந்தாலும் பருக்காது. இறைச்சி நிறையக் கிடைத்தது, ஆனால் மென்றால் கடினம். எடையை மட்டும் துரத்துவோர் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

கேள்வி: பொலிகிடாவை அதன் மகள்களோடும் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. பிறக்கும் குட்டியின் உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை) அளவு 25 சதவீதம்; வளர்ச்சியும் குட்டி பிழைப்பதும் இரண்டுமே சரியும். மகள்கள் சினைப் பருவத்துக்கு வருவதற்குள் கிடாவை மாற்றிவிடுங்கள்.