புது வீடு வாங்கும்போது புரோக்கர் யாருடைய ஆள்?

கேள்வி: அலஸ்தோட்டத்தில் புதிதாகக் கட்டி முடித்த வீடொன்றைப் பார்த்திருக்கிறோம். 8 பேர்ச்சஸ் காணி, மூன்று அறை, விலை 150 இலட்சம். பாதிக்கு வங்கிக் கடன் எடுக்கப்போகிறோம். மிச்சத்தைக் கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்புவார். எங்களைக் கூட்டிச்சென்ற புரோக்கர், தனக்கு நாங்கள் ஒன்றும் தரத் தேவையில்லை, கட்டினவரே தருவார் என்கிறார். உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், எழுதும் நொத்தாரிசையும் தானே ஒழுங்கு செய்வாராம். இந்தக் கிழமைக்குள் 5 இலட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். புரோக்கரை விட்டுவிட்டு நேரே கட்டினவரிடம் பேசினால் விலை குறையும் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
- வாசகி, உவர்மலை

பதில்: சகோதரி, இந்தக் கிழமை 5 இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். அதே நேரம் புரோக்கரை வெட்டிவிடவும் வேண்டாம். உங்களைக் கூட்டிவந்தவர் அவர் என்பது கட்டினவருக்குத் தெரியும். நீங்கள் தனியாகப் போனாலும் கொமிசன் கேட்டு அவர் வந்து நிற்பார். ஆகவே அந்தக் காசு விலையில் குறைவது அரிது. குறைத்துக் கேட்பதென்றால் மதில், கேற், குழாய்நீர் இணைப்பு, மின்சார சபையின் நிரந்தர இணைப்பு போன்றவற்றைக் கேளுங்கள். கட்டினவரிடம் மேசன்மாரும் சாமானும் இருப்பதால் இவற்றுக்கு அவர் இலகுவாக இணங்குவார்.

அந்த ஒழுங்கையில் கடைசியாக எந்த வீடு என்ன விலைக்குப் போனது, இந்த வீடு எத்தனை மாதமாக விற்காமல் கிடக்கிறது, முன்னர் பார்த்தவர்கள் ஏன் விட்டுப்போனார்கள் என்பதெல்லாம் புரோக்கருக்குத் தெரியும். அவற்றை அவரிடம் கேட்டு அறியுங்கள். ஆனால் அவருக்குக் காசு கொடுப்பவர் விற்பவர். உறுதி சுத்தமா, கட்டடம் சரியா என்ற இரண்டு கேள்விக்கும் புரோக்கரின் வாயால் வரும் பதிலை நம்பி ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. கொமிசன் விற்பவரிடம் மட்டும்தான் என்பதை இப்போதே ஒரு கடிதத்தில் எழுதி, அவரிடமும் விற்பவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறுதி முடிக்கும் நாளில் நொத்தாரிசின் மேசையருகே வைத்து, "நீங்களும் ஒரு வீதம் தாங்கோ" என்று கேட்பது நம் ஊரில் புதிதல்ல. 150 இலட்சத்தில் ஒரு வீதம் ஒன்றரை இலட்சம்.

நொத்தாரிசு மட்டும் உங்களுடையவராக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வங்கியின் சட்டத்தரணியும் உறுதியைப் பார்ப்பார்தான், ஆனால் அவர் வங்கியின் பணத்துக்குத்தான் பொறுப்பு. உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடி எழுத்தில் அறிக்கை தரட்டும். திருகோணமலைக் காணிகளில் மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த அரச காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. அதில் எவ்வளவு அழகான வீடு கட்டியிருந்தாலும் இதேதான். இரண்டாவது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அற்றோர்னித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், வைத்திருப்பவர் விற்பது. அந்தப் பத்திரம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். மூன்றாவது, பிரகடன உறுதி. பத்து வருடத்துக்கு மேல் நானே ஆண்டு வருகிறேன் என்று ஒருவர் தானே சொல்லி எழுதியது அது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் நிறைந்த மாவட்டத்தில், அதற்கு முன்னால் வேறு உறுதி இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

அடுத்தது கட்டடத்தின் பத்திரங்கள். உள்ளூராட்சிச் சபை அங்கீகரித்த வரைபடமும், கட்டி முடித்த பின் அதே சபை தரும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். இதைச் சீ.ஓ.சீ. என்றும் சொல்வார்கள். "விண்ணப்பம் போட்டாச்சு, வந்துவிடும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். அங்கீகாரம் எடுத்த பின் பின்பக்கத்தில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டினாலோ, எல்லைச் சுவரோடு ஒட்டி மலசலகூடம் வைத்தாலோ சான்றிதழ் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் கடைசிக் கட்டத்தில் வங்கி கடனை மறுக்கும், உங்கள் அட்வான்ஸ் கட்டினவரின் கையில் நிற்கும். வரைபடத்தின் நகலை எடுத்துப் போய், அறை அறையாக நாடா பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். வீதிக்கென ஒதுக்கிய கோட்டுக்குள் வளவு வருகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும், சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டும் கேளுங்கள். அலஸ்தோட்டம் என்பதால் இன்னொன்றும் உண்டு. கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். வீடு அதற்குள் வந்தால், கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

இத்தனையும் சரியென்றால்தான் அட்வான்ஸ். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி வெள்ளைத் தாளில் எழுதிய கையெழுத்தைக் காட்டி வீட்டைக் கேட்க முடியாது. கடன் மறுக்கப்பட்டாலோ உறுதியில் பிழை தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். காசோலையைக் குறுக்குக்கோடிட்டு உறுதியில் உள்ள உரிமையாளரின் பெயருக்கே எழுதுங்கள், புரோக்கரின் பெயருக்கு வேண்டாம். ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்தில் உடனே பதிவித்துவிட்டால், அதே வீட்டை இன்னொருவருக்கு எழுத வருபவரின் நொத்தாரிசு அதைக் காண்பார்.

அண்ணன் கனடாக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை இரட்டைக் குடியுரிமையாக மீட்டுக்கொள்ளவில்லையென்றால் உறுதியில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. காசை வங்கி மூலமே அனுப்பச் சொல்லி, அது அன்பளிப்பா கடனா என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

முத்திரைத் தீர்வைக்கும் காசு ஒதுக்குங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். 150 இலட்சத்துக்கு 5,99,000 ரூபாய் வரும். உறுதியில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பீடு செய்து மிச்சத்தைக் கேட்கலாம். நீங்கள் பின்னர் ஏதாவது காரணத்துக்காகக் காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் உறுதியிலுள்ள தொகைதான் பேசும்.

வீட்டைப் பார்க்க, கட்டினவரோடு தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்ப அலுவலரை அல்லது பொறியியலாளரைக் கூட்டிப்போங்கள். மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலோ உவர்க் கிணற்று நீரோ கலந்திருந்தால் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து கொங்கிறீட்டைப் பிளக்கும். புது வீட்டில் அது தெரியாது, சில வருடம் கழித்துத்தான் வளையின் (பீமின்) அடியில் கம்பி ஓடிய வழியே வெடிப்பு வரும். இப்போது தெரியக்கூடியது சுவரின் அடிப்பாகம். தரையிலிருந்து ஓரடி, இரண்டடி உயரத்தில் பெயின்ற் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிர்ந்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். மொட்டைமாடியில் இரண்டங்குலம் தண்ணீர் ஒரு நாள் நிற்கட்டும், மறுநாள் கீழே நின்று பாருங்கள். 8 பேர்ச்சஸ் என்பது 2,178 சதுர அடிதான். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும், அயல் வளவின் குழியையும் சேர்த்து அளந்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே குழாய்நீர் வராவிட்டால் அந்த வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

பார்த்த குறைகள் ஒவ்வொன்றையும் எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். விலையில் 5 வீதத்தை, அதாவது ஏழரை இலட்சத்தை, உறுதி முடிந்த பின்னும் உங்கள் நொத்தாரிசிடம் வைப்பாக நிறுத்தி, ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழை ஜனவரியில் ஓய்ந்த பின் ஒழுக்கு இல்லையென்று கண்டு விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். கட்டினவர் மறுத்தால் 3 வீதத்துக்கு இறங்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம்.